மேற்படிக் குறியும் அனுமதிக் கடிதமும்

சுவிட்சைப் போட்டவுடன், ஆப்பிள்-2 கம்ப்யூட்டரின் பிளாப்பிப் பெட்டிக்குள்ளிருந்து, பூட்டிய கதவை யாரோ அவசரமாகத் தட்டுவது போன்ற ஒரு கடகட ஓசை எழும். முதன்முறை கேட்பவர் யந்திரம் உடைந்துவிட்டதோ என்று திடுக்கிடுவார். வட்டைப் படிக்கும் தலை எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் உறுப்பு எதையும் வைக்காமல், தலையை வெளிவிளிம்பிலுள்ள தடுப்பில் மோதும் வரை பின்னுக்கு இழுத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்கும்படி ஸ்டீவ் வாஸ்னியாக் செய்த சிக்கனமான ஏற்பாட்டின் ஓசையே அது. அதன் பின் நிகழ்வதுதான் விசேஷம். வட்டுப் பெட்டியை இயக்கும் அட்டையில் 256 பைட் அளவே உள்ள ஒரு சிறு நிரல் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. வட்டின் முதல் தடத்தில் முதல் பகுதியைப் படிக்க வேண்டும் என்பதற்கு மேல் அதற்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. அந்தப் பகுதி அடுத்த பகுதிகளை அழைக்க, அவை இன்னும் சிலவற்றை அழைக்க, இவ்வாறு ஒன்றையொன்று கைபிடித்து எழுப்பி, கோப்புகளை வைக்கவும் எடுக்கவும் அறிந்த ஒரு முழு நிர்வாகமே நினைவகத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. அந்த நிர்வாகத்தைச் சுமந்து வரும் வட்டைத்தான் சிஸ்டம் டிஸ்க் என்கிறோம். அது இல்லையென்றால், யந்திரம் எவ்வளவு பழுதின்றி இருந்தாலும், தன் வட்டுகளில் உள்ளதைச் சொல்ல வாயற்றதாகிவிடும்.

ஆப்பிள்-2 வெளிவந்தது 1977-ல். அதற்கு பிளாப்பி வட்டு வந்தது 1978-ல். வட்டு யந்திரம் தயாராகிக்கொண்டிருக்க, அதை ஆளும் மென்பொருள் இல்லாத நிலையில், ஷெப்பர்ட்ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனத்தோடு 13,000 டாலருக்கு ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டு, பால் லாட்டன் என்பவர் சில வாரங்களில் அதன் பெரும்பகுதியை எழுதிக் கொடுத்தார். அது வளர்ந்து 1980-ல் டாஸ் 3.3 ஆயிற்று. 35 தடங்கள், தடத்துக்கு 16 பகுதிகள், பகுதிக்கு 256 பைட் என்று பெருக்கிப் பார்த்தால், ஒரு வட்டின் முழுக் கொள்ளளவு 1,43,360 பைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப் போல் பல மடங்கு இடத்தை விழுங்கும். பின்னர் 1986-ல் வந்த ஆப்பிள்-2 ஜி.எஸ். என்ற யந்திரத்துக்கு 800 கிலோபைட் கொள்ளும் மூன்றரை அங்குல வட்டுகள் அமைந்தன; அதற்கென்று ஆப்பிள் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட 6.0.1 என்னும் சிஸ்டம், அத்தகைய வட்டுகள் ஏழில் பரவிக் கிடந்தது.

பிளாப்பி வட்டு என்பது பிளாஸ்டிக் தகட்டின் மேல் இரும்பு ஆக்ஸைடுத் தூளைப் பசைகொண்டு ஒட்டியதே. பசை உலர்ந்தால் தூள் உதிர்கிறது. ஈரம் பட்டால் பூசணம் படர்கிறது. ஒன்றும் நேராமல் பத்திரமாக இருந்தாலும் காந்தப் பதிவு ஆண்டுக்காண்டு மங்குகிறது. ஆகவே பழைய யந்திரங்களை நேசிப்பவர்கள், வட்டில் உள்ளதையெல்லாம் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை வரிசை மாறாமல் படித்து, ஒரே கோப்பாக எழுதி வைக்கிறார்கள். அதற்கு வட்டுப் பிம்பம் என்று பெயர். பிம்பம் கையில் இருந்தால் வட்டு அழிந்த பின்னும் அதைப் போன்றதொரு வட்டை மீண்டும் உண்டாக்கிவிடலாம்.

அந்தப் பிம்பத்தைச் சுருக்குவானேன் என்று இன்றைய வாசகர் கேட்கலாம். 1980-களில் கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொண்டது தொலைபேசிக் கம்பியில் மோடம் வழியாக. அதுவும் நிமிஷக் கணக்கில் கட்டணம் கொடுத்து. வினாடிக்கு 1,200 பிட் அனுப்பும் மோடத்தில் ஒரு 140 கிலோபைட் வட்டு போய்ச் சேர இருபது நிமிஷம் பிடிக்கும். 2,400 பிட் அனுப்பும் மோடத்திலும் ஒரு 800 கிலோபைட் வட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பாதியில் இணைப்பு அறுந்தால் பட்ட பாடெல்லாம் வீண். பாதியாகச் சுருக்க முடிந்தால் பாதிக் கட்டணம் மிச்சம் என்ற இந்த எளிய கணக்கிலிருந்து பிறந்ததே, ஆண்டி நிகோலஸ் எழுதி இலவசமாக வழங்கிய ஷ்ரிங்கிட் என்ற நிரல். தனித்தனிக் கோப்புகளை மட்டுமின்றி, ஒரு முழு வட்டையே அப்படியே வாரிச் சுருட்டி ஒரு கட்டாக்கிவிட அதனால் முடிந்தது.

சுருக்குவது எப்படி என்பதை விளக்க நம்மிடமே ஓர் அழகிய உதாரணம் இருக்கிறது. பழைய பத்திரங்களையும் கணக்கேடுகளையும் புரட்டினால், ௸ என்ற ஒரு சுழித்த குறி அடிக்கடி கண்ணில் படும். மேற்படி என்ற சொல்லுக்கு நம் எழுத்தர்கள் வைத்த அடையாளம் அது. ஒரு நபரின் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் முதல் தடவை முழுமையாக எழுதிய எழுத்தர், அடுத்த இடத்தில் ௸ நபர் என்று முடித்துவிடுவார். படிப்பவருக்கு ஒரு விவரமும் குறைவதில்லை. முன்னே பார்த்தால் தெரிந்துவிடுகிறது. சுருக்குவதன் தத்துவம் முழுவதும் இந்தக் குறியில் அடங்கியிருக்கிறது.

ஷ்ரிங்கிட் இதை இரண்டு படிகளில் செய்கிறது. முதற்படியில், ஒரே பைட் தொடர்ந்து பல தடவை வந்தால், அத்தனை தடவையும் எழுதாமல், இன்ன பைட் இத்தனை முறை என்று எழுதுகிறது. வெள்ளை வேட்டி நூறு என்று ஜவுளிக்காரர் பட்டியலில் ஒரே வரியில் எழுதுவதைப் போல. வட்டின் காலி இடங்களில் பூஜ்யங்கள் வரிசையாகக் கிடக்குமாதலால் இதிலேயே கணிசமான மிச்சம் உண்டு. ஆனால் அழித்த கோப்புகளின் எச்சங்கள் அந்த இடங்களில் கிடந்தால் இந்தச் சிக்கனம் பலிக்காது. ஆகவே அனுபவசாலிகள் காலி இடங்களையெல்லாம் முதலில் பூஜ்யங்களால் துடைத்துவிட்டே வட்டைச் சுருக்குவார்கள்.

இரண்டாம் படி லெம்பெல், ஸிவ் என்ற இரு அறிஞர்கள் 1978-ல் வெளியிட்ட கருத்தை வெல்ச் என்பவர் 1984-ல் செப்பனிட்ட முறை. வந்துகொண்டிருக்கும் பைட்டுகளில், இதுவரை காணாத ஒவ்வொரு சிறு தொடருக்கும் ஓர் எண் கொடுத்து அகராதியில் சேர்த்துக்கொண்டே போய், அதே தொடர் மறுபடி வரும்போது அந்த எண்ணை மட்டும் எழுதுவது; எண்கள் ஒன்பது பிட்டில் தொடங்கிப் பன்னிரண்டு பிட் வரை வளரும். இதில் என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது, அகராதியைக் கட்டோடு சேர்த்து அனுப்பவே வேண்டியதில்லை என்பதுதான். விரிப்பவனும் அதே விதிப்படி அதே வரிசையில் படித்துக்கொண்டு போவதால், அதே அகராதி அவனிடமும் தானாக வளர்ந்துவிடுகிறது. ஷ்ரிங்கிட் இந்த வேலையை 4,096 பைட் கொண்ட துண்டுகளாகச் செய்கிறது. ஆப்பிள்-2 வட்டின் ஒரு தடத்தில் பதினாறு பகுதிகளும் சேர்ந்து அடங்கும் அளவும் அதுவே. சுருக்கியும் சிறிதாகாத துண்டை அது வீண் பிடிவாதமின்றி உள்ளபடியே வைத்துவிடுகிறது. விரித்தது பிழையின்றி விரிந்ததா என்று சரிபார்க்க ஒரு சோதனை எண்ணையும் கூடவே எழுதி வைக்கிறது.

கட்டியதை அவிழ்க்கவும் வழி வேண்டுமல்லவா? சுருக்கிய கட்டைப் பிரிக்கும் நிரலையே சுருக்கிய கட்டுக்குள் வைத்து அனுப்பினால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆப்பிள் நிறுவனம் 6.0.1 சிஸ்டத்தின் ஏழு வட்டுகளையும் பிற்காலத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்தபோது, அவை மெக்கின்டாஷ் யந்திரத்தில் மட்டுமே தாமாகப் பிரியக்கூடிய கட்டுகளாக இருந்தன. ஆப்பிள்-2 மட்டும் வைத்திருந்தவர் கதி என்ன? சுருக்குவதில் கடைசி சில பைட்டுகளை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியத்தைவிட, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வருபவனும் பிரிக்கும்படி, விவரங்கள் முழுவதும் பிரசுரமான ஒரு முறையில் கட்டிவைக்கும் முன்யோசனையே மேலானது என்பது என் அபிப்பிராயம். ஷ்ரிங்கிட்டின் கட்டமைப்பு அவ்விதம் முழுமையாகப் பிரசுரிக்கப்பட்டிருந்ததால்தான், அதன் கட்டுகளை இன்றைய கம்ப்யூட்டர்களிலும் பிரிக்க முடிகிறது.

இனி உரிமை விஷயம். டாஸ் 3.3 வட்டிலேயே, ஒரு வட்டை இன்னொரு வட்டாகப் பிரதி எடுக்கும் நிரல் ஒன்றை ஆப்பிள் வைத்துக் கொடுத்தது. அதுமட்டுமல்ல, புது வட்டு ஒன்றைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்யும் ஒவ்வொரு முறையும் டாஸ் தன்னையே அதன் முதல் மூன்று தடங்களில் எழுதி வைத்துக்கொண்டது. தாமே எழுதிய விளையாட்டை அத்தகைய வட்டில் விற்க நினைத்த ஒருவர், தாம் அறிந்தோ அறியாமலோ ஆப்பிளின் சொத்தையும் சேர்த்தே விற்றார். அதற்கு அவர் தனியே உரிமம் பெற வேண்டியிருந்தது. பிரதி எடுக்க முடிவது வேறு, எடுத்ததைப் பிறருக்கு வழங்கும் பாத்தியதை வேறு என்ற உண்மை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்கக் கண்டதில்லை.

இந்த உண்மையை நியாயஸ்தலம் ஏற்றுக்கொண்டதும் ஆப்பிள்-2 யந்திரத்தின் பொருட்டே. பிராங்க்ளின் என்ற நிறுவனம் ஏஸ் 100 என்ற பெயரில் ஆப்பிள்-2 போன்றதொரு கம்ப்யூட்டரைச் செய்து, ஆப்பிளின் பதினான்கு சிஸ்டம் நிரல்களைப் பிரதி செய்து அதில் வைத்தது. பிரதி செய்ததை அது மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது, ஏனெனில் அதன் வட்டில் ஜேம்ஸ் ஹஸ்டன் என்ற ஆப்பிள் ஊழியரின் பெயர்கூட அழியாமல் அப்படியே இருந்தது. யந்திரத்தை இயக்கும் நிரல் மனிதர் படிப்பதற்கான நூலன்று, ஒரு செய்முறையே. செய்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதுதான் அதன் வாதம். கீழ்க் கோர்ட் 1982-ல் பிராங்க்ளினுக்குத் தடையுத்தரவு விதிக்க மறுத்தது. ஆனால் 1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் மூன்றாம் வட்டார அப்பீல் கோர்ட் அதைப் புரட்டி, சிஸ்டம் நிரல்களுக்கும் பதிப்புரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 25 லட்சம் டாலர் கொடுத்து பிராங்க்ளின் சமாதானமாயிற்று.

அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்தின் பேரால் அக்காலத்தில் வெளியான படைப்புக்கு உரிமை 95 ஆண்டுகள். 1978-ல் வந்த டாஸ் 2073 முடியும் வரை ஒருவரின் சொத்து. வட்டு அதற்குள் நான்கு தடவை உதிர்ந்துவிடும். வட்டை முறைப்படி வாங்கியவர் தம் பாதுகாப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது; ஆனால் அதைப் பலருக்கும் வழங்க அப்பிரிவு இடம் தரவில்லை. சுருக்கும் முறைக்கே ஓர் உரிமையாளர் இருந்ததையும் இங்கே சொல்ல வேண்டும்: வெல்ச்சின் முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்த அமெரிக்க பேடண்ட் 2003-ல்தான் காலாவதியாயிற்று.

ஆகவே எஞ்சியிருப்பது ஒரே வழி. உரியவரைக் கண்டு கேட்பது. கேட்டால் கிடைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரின் உரிமையைப் பெற்றிருந்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், அதன் நிரந்தர நிரலில் உள்ள பதிப்புரிமை வாசகத்தை மாற்றாத வரையில் அதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று 1999-ல் தெரிவித்தது. ஆப்பிள்-2 டாஸின் மூல நிரலையே, ஆப்பிளின் அனுமதியோடு, வர்த்தகம் அல்லாத உபயோகத்துக்காக கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியம் 2013-ல் வெளியிட்டது.

கேட்பதில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதை சி.பி.எம். என்ற சிஸ்டத்தின் சரித்திரம் காட்டுகிறது. கேரி கில்டால் 1974-ல் எழுதிய அந்தச் சிஸ்டம், எண்ணற்ற சிறு கம்ப்யூட்டர்களில் ஓடியது. மைக்ரோசாஃப்ட் 1980-ல் விற்ற ஓர் அட்டையைச் செருகினால் ஆப்பிள்-2-லும் ஓடியது. கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை 1991-ல் நாவல் வாங்கியது; 1996-ல் கால்டெரா; பிறகு அதன் கிளையான லினியோ. பாகப்பிரிவினையில் கைமாறிய நிலத்தைப் போல, உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடாயிற்று. தேடி, கேட்டு, 2001-ல் லினியோவின் சார்பில் பிரையன் ஸ்பார்க்ஸ் கொடுத்த அனுமதிக் கடிதத்தை ஒரு தன்னார்வலர் பெற்றார். ஆனால் அக்கடிதம் அந்த ஒருவரது சேகரத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதப்பட்டிருந்ததால், மற்றவர்களுக்கும் அது செல்லுமா என்ற ஐயம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தீரவில்லை. 2022-ல் அதே ஸ்பார்க்ஸ், உரிமை வந்து சேர்ந்த நிறுவனத்தின் தலைவர் என்ற முறையில், அனுமதி எல்லோருக்கும் பொதுவானதே என்று தெளிவுபடுத்தி எழுதிய பிறகே அது தீர்ந்தது. அவர் இருந்தார், எழுதினார்; இல்லாமற் போயிருந்தால் அந்த ஒரு சொற்றொடர் என்றென்றும் வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கும்.

இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உரியவர் வைத்ததும், எடுத்துப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்ததும் ஒன்றல்ல. ஆப்பிளின் ஏழு வட்டுகள் முதல் வகை, சி.பி.எம். இன்று இரண்டாம் வகை. ஒரு கட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பத்து ஆண்டுகள் கழித்து அதைக் கண்டெடுப்பவர் எப்படி அறிவார்? ஷ்ரிங்கிட் கட்டும் கட்டில், வட்டின் பைட்டுகளுக்கு அருகிலேயே, சாதாரண எழுத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்கத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நான் திறந்து பார்த்த கட்டுகளில் பெரும்பாலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. யார் கொடுத்தார், என்று கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்ற மூன்று வரிகளை அங்கே எழுத ஐந்து நிமிஷம் ஆகாது. சுருக்கினால் இருநூறு பைட்கூட ஆகாது.