பாற்பற்களும் அணுகுண்டும்

குழந்தைக்கு முதல் பல் விழுந்தால், அதைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரை மேல் எறிவது நம் வீடுகளில் வழக்கம். அமெரிக்கக் குழந்தைகள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். இரவில் ஒரு தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போவதாக அங்கே ஐதிகம். 1958-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மிஸ்ஸௌரி மாகாணத்து ஸெயிண்ட் லூயிஸ் நகரத்தில், இந்தத் தேவதையின் வரும்படிக்குப் பெரிய ஆபத்து வந்து சேர்ந்தது. அந்நகரத்துத் தாய்மார்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து, விழுந்த பற்களையெல்லாம் தங்களிடம் கொடுத்துவிடும்படி பள்ளிக்கூடங்கள் மூலமாகவும் பல் வைத்தியர்கள் மூலமாகவும் கேட்கத் தொடங்கினார்கள். பல் கொடுத்த குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் கிடைக்கும். 'விஞ்ஞானத்துக்கு என் பல்லைக் கொடுத்தேன்' என்று அதில் எழுதியிருக்கும். சுமார் 12 வருஷ காலத்தில் இப்படி ஏறக்குறைய 3,20,000 பற்கள் சேர்ந்தன.

குழந்தைகளின் பல்லுக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். அதைச் சொல்வதற்குப் பஸிபிக் மகா சமுத்திரத்துக்குப் போக வேண்டும்.

1954-ம் வருஷம் மார்ச்சு 1-ம் தேதி, பிகினி என்னும் பவளத் தீவில் அமெரிக்கர்கள் ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தார்கள். அதன் வேகம் ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்துக்குச் சமானம். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைப் போல் ஆயிரம் மடங்கு. இதைச் செய்த நிபுணர்கள் எதிர்பார்த்ததோ இதில் பாதிக்கும் குறைவுதான்! பொடியான பவளப் பாறை வானத்தில் எழும்பிச் சாம்பலாகத் திரும்பி விழுந்தது. 80 மைலுக்கு அப்பால் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மீதும், அதிலிருந்த 23 பேர் மீதும் அது வெண்பனி போல் பொழிந்தது. படகின் பெயர் 'அதிர்ஷ்ட டிராகன்' என்பது விதியின் பரிகாசம் போலும். அதில் கம்பியில்லாத் தந்தி பார்த்து வந்த குபோயாமா என்பவர் அதே வருஷம் செப்டம்பர் 23-ம் தேதி உயிர் துறந்தார். பக்கத்துத் தீவுகளின் ஜனங்களும் அந்தச் சாம்பலுக்குத் தப்பவில்லை. அவர்களுடைய துன்பத்தை உலகம் கவனிக்க வெகு காலம் ஆயிற்று.

படகு கரை சேர்ந்ததும் ஜப்பான் முழுவதும் மீன் கடைகளில் பீதி பரவிற்று. டோக்கியோ நகரத்தின் சுகினாமி வட்டாரத்தில் புத்தகம் வாசிப்பதற்காகக் கூடி வந்த குடும்பப் பெண்கள், வாசிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கப் புறப்பட்டார்கள். 1955 ஆகஸ்டுக்குள் அந்த நாட்டில் 3 கோடிக்கு மேற்பட்டவர்கள் அணு ஆயுதங்களுக்கு விரோதமாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். இதற்கிடையில், 1954 ஏப்ரல் 2-ம் தேதி, நமது பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு, இந்தச் சோதனைகளையாவது உடனே நிறுத்தி வைக்க வேண்டும் என்று பார்லிமெண்டில் கோரினார். இப்படிக் கோரிய முதல் தேசத் தலைவர்களில் அவர் ஒருவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

வல்லரசுகளின் காதில் அது அவ்வளவாக ஏறவில்லை. சாம்பலின் அளவு மிகச் சொற்பம், அபாயம் இல்லை என்றே அதிகாரிகள் சொல்லி வந்தார்கள். அணுவின் சக்தி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது, மனிதன் சிந்திக்கும் முறையை மட்டும் மாற்றவில்லை என்ற கருத்தை ஐன்ஸ்டீன் 1946-லேயே வெளியிட்டிருந்தார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் சிந்திக்கும் முறையை மாற்றுவது எப்படி? ஒன்றரைக் கோடி டன் என்று சொன்னால் நம் மனம் அதை வாங்கிக்கொள்வதில்லை. பத்துக் கோடி பேர் மாள்வார்கள் என்றாலும் அப்படியே. கணக்கு மிகப் பெரிதாகும்போது பயம்கூட மரத்துப் போகிறது. தம் குழந்தையின் டம்ளரில் இருக்கும் பாலைப் பற்றிச் சொன்னால் மட்டும் உடனே புரிகிறது.

அந்தப் பாலில்தான் விஷயம் இருந்தது. குண்டு வெடிக்கும்போது ஸ்ட்ரோன்ஷியம்-90 என்ற ஒரு பொருள் உண்டாகிறது. அது பாதியாகக் குறைவதற்கே சுமார் 29 வருஷம் ஆகும். அது சுண்ணாம்புச் சத்தின் உடன்பிறப்பு. மழையோடு புல்லில் இறங்கும். புல்லிலிருந்து பசுவுக்கும், பசுவிலிருந்து பாலுக்கும், பாலிலிருந்து குழந்தையின் எலும்புக்கும் போகும். உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்றே எண்ணி ஏமாந்து இடம் கொடுத்துவிடும். உயிரோடிருக்கும் குழந்தையின் எலும்பை எடுத்துச் சோதிக்க முடியாது. பாற்பல்லோ தானாகவே விழுகிறது! ஹெர்மன் கால்கர் என்ற விஞ்ஞானி 1958-ல் இந்த யோசனையைச் சொன்னார். லூயிஸ் ரைஸ் என்ற டாக்டர் அம்மாள் ஸெயிண்ட் லூயிஸில் காரியத்தை ஏற்று நடத்தினார்.

1961 நவம்பரில் அவருடைய முதல் அறிக்கை வெளியாயிற்று. ஐம்பதுகளின் ஆரம்பத்தில் பிறந்த குழந்தைகளின் பற்களில், வருஷத்துக்கு வருஷம் அந்த விஷப்பொருள் ஏறிக்கொண்டு வந்திருந்தது. 1963-ல் பிறந்த குழந்தைகளிடம் அது 1950-ல் பிறந்தவர்களுக்கு இருந்ததைப் போல் சுமார் 50 மடங்கு இருந்ததாகப் பின்னால் தெரிந்தது. அறிக்கை வந்த அதே மாதம் 1-ம் தேதி அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள் அடுப்படியை விட்டு வீதிக்கு வந்து ஊர்வலம் போனார்கள். ஒரு நாள் டாக்டர் அம்மாள் வீட்டில் டெலிபோன் மணி அடித்ததாம். சிறு பையனாயிருந்த மகன் எடுத்தான். ஜான் கென்னடி பேசுவதாகவும் டாக்டர் ரைஸுடன் பேச வேண்டும் என்றும் ஒரு குரல் சொல்லிற்று. அந்த மகனே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது.

அதே கென்னடியைப் பார்ப்பதற்கு, 1962 செப்டம்பரில் நம்மவர் ஒருவரும் கடல் கடந்து போனார். காந்தி சமாதான ஸ்தாபனத்தின் தூது கோஷ்டிக்குத் தலைமை வகித்துச் சென்ற ராஜாஜிக்கு அப்போது வயது 83. சோதனைகளை நிறுத்துங்கள் என்பதே அவர் கொண்டு சென்ற செய்தி. செப்டம்பர் 28-ம் தேதி வெள்ளை மாளிகையில் நடந்த சந்திப்பு, குறித்திருந்த நேரத்தைத் தாண்டி ஒரு மணிக்கு மேல் நீடித்தது. கதர் வேஷ்டியும் கைத்தடியுமாகச் சென்ற கிழவருக்கு எதிரில் அந்த இளம் ஜனாதிபதி இருந்து கேட்ட காட்சியை நினைத்துப் பார்க்கிறோம். பதினெட்டே நாளில், கியூபாவில் ருஷ்ய ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் படங்கள் கென்னடியின் மேஜைக்கு வந்தன. 13 நாள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1963 ஆகஸ்டு 5-ம் தேதி மாஸ்கோவில் அமெரிக்காவும் பிரிட்டனும் ருஷ்யாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆகாயத்திலும், கடலுக்கடியிலும், விண்வெளியிலும் இனிச் சோதனை இல்லை என்பது அதன் சாரம். மூன்று நாள் கழித்து இந்தியாவும் கையெழுத்திட்டது. அதன் பிறகு பிறந்த குழந்தைகளின் பற்களில் அந்த விஷம் இறங்கத் தொடங்கிற்று.

சந்தோஷமான இந்த இடத்தில் கதையை நிறுத்த நமக்கும் ஆசைதான். ஆனால் சோதனைகள் பூமிக்கு அடியில் போய்விட்டன, நிற்கவில்லை. பாலில் விஷம் இல்லை என்றதும் பீதி தணிந்தது; பீதி தணிந்ததும் கவனம் தளர்ந்தது. 1986-ல் உலகில் சுமார் 70,000 அணு ஆயுதங்கள் குவிந்திருந்தன. இப்போது 9 தேசங்களிடம் ஏறக்குறைய 12,000 இருக்கின்றன. ஜனங்களின் சிந்தனை பால் டம்ளர் வரையில்தான் மாறியது, ஆயுதக் கிடங்கு வரையில் போகவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

அந்த ஒன்பதில் நம் தேசமும் ஒன்று. 1974-லும் 1998-லும் பொக்ரான் மணலுக்கு அடியில் வெடித்தோம். 1998-ல் வீதிகளில் மிட்டாய் வழங்கினோம். முதலில் பிரயோகிக்க மாட்டோம் என்று நம் சர்க்கார் வாக்களித்திருக்கிறது; எல்லாத் தேசங்களும் ஒன்றாகக் கைவிட வேண்டும் என்றும் சொல்லி வருகிறது. அண்டை அயலில் இருவர் குண்டு வைத்திருக்கையில் நாம் மட்டும் என்ன செய்வது என்ற கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அணு ஆயுதங்களை அடியோடு விலக்கும் உடன்படிக்கைக்கு 2017-ல் 122 தேசங்கள் ஆதரவாக வோட்டுப் போட்டபோது, 1954-ல் முதற்குரல் கொடுத்த பாரத தேசம் அந்தச் சபைக்கே போகவில்லை. இதை எழுதும்போது நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஸெயிண்ட் லூயிஸ் பற்களை வெகு காலம் எல்லோரும் மறந்திருந்தார்கள். 2001-ல், யுத்த காலத்தில் வெடிமருந்து வைப்பதற்காகக் கட்டிய ஒரு கிடங்கில், பெட்டி பெட்டியாகச் சுமார் 85,000 பற்கள் அகப்பட்டன. ஒவ்வொரு பல்லும் சிறிய உறையில் போட்டு, கூடவே ஒரு சீட்டும் வைத்திருந்தது. குழந்தை பிறந்த தேதி, பல் விழுந்த தேதி எல்லாம் அந்தச் சீட்டுக்களில் அப்படியே இருந்தன.