பழைய செம்புக் காசு: விற்கும் முன் கவனியுங்கள்



நன்னிமா பெட்டியில் கிடக்கும் செம்புக் காசை விற்கலாமா என்று பலர் அறக்கட்டளைக்கு வந்து கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால் கணக்குத் தெரிந்து விற்க வேண்டும்.

போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா ஏறத்தாழ 2 கிராம்தான். ஒரு கிலோவுக்கு 500 காசு வேண்டும். அதற்கு முந்தைய ஓட்டையில்லாத வெண்கலக் காலணா 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஐம்பது காசு சேர்ந்தாலும் கால் கிலோ தேறாது. எடைக்குப் போட்டால் கிடைப்பது சொற்பமே.

“ஒரு காசுக்கு லட்ச ரூபாய்” என்று செல்போனில் வரும் செய்தியை நம்பி வரி, கமிஷன் என்று முன்பணம் கட்டாதீர்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் கட்டிவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள்.

இன்று புழக்கத்தில் உள்ள நாணயத்தை உருக்குவது 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று: மவுத்தானவர் விட்டுச்சென்ற காசு, சிறிதானாலும், வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. அவர்களிடம் கேட்டுவிட்டு விற்று, பங்கைப் பிரித்துக் கொடுங்கள்.


செயலாளர்