பதின்மூன்றாகப் பிரித்தது யார்?

ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்கப் புரட்சியை நடத்தும்போது, பதின்மூன்று குடியேற்றங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்வதே என் வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எல்லாருக்கும் ஒரே ராஜாதானே? அப்புறம் எதுக்குப் பதின்மூணாப் பிரிச்சாங்க?" என்று கேட்டாள். "நிர்வாக வசதிக்காக, நம்ம மாவட்டங்களைப் போல" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை நூலகத்தில் படித்துப் பார்த்தபோது என் தவறு புரிந்தது. ஒரு நிலப்பரப்பை யாரும் பதின்மூன்றாகப் பிரிக்கவில்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களுக்காக அவை தோன்றின. மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்திச் சொன்னேன். அன்று முதல், பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு, தோன்றிய காரணங்களைக் கொண்டு இப்பகுதியை நடத்தி வருகிறேன்.

முதல் காரணம் வணிகம். 1606இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் வர்ஜீனியா கம்பெனிக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். அடுத்த ஆண்டில் ஜேம்ஸ்டவுன் உருவானது. நம் மாணவர்கள் அறிந்த கிழக்கிந்தியக் கம்பெனியைப் போலவே இதுவும் பங்குதாரர்களின் பணத்தில் நடந்தது. இலண்டன் வணிகர் சர் தாமஸ் ஸ்மைத் இரண்டு கம்பெனிகளுக்கும் தலைமை வகித்தவர். எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. புகையிலைதான் வர்ஜீனியாவைக் காப்பாற்றியது. 1619இல் அங்கே மக்கள் பிரதிநிதிகளின் மன்றம் முதன்முறையாகக் கூடியது. அதே ஆண்டில் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம் சமயம். 1620இல் பிளைமவுத்திலும், 1630 முதல் மாசசூசெட்ஸ் விரிகுடாப் பகுதியிலும் தங்கள் நம்பிக்கைப்படி வாழ விரும்பியவர்கள் குடியேறினர். ஆனால், மாற்றுக் கருத்து உடையவர்களை மாசசூசெட்ஸ் ஏற்கவில்லை. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் நாரகான்செட் பழங்குடியினரிடம் நிலம் பெற்றுப் பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். அதுவே ரோட் தீவின் தொடக்கம்.

மூன்றாவது, மன்னர் தனி மனிதர்களுக்கு அளித்த நிலக்கொடை. மேரிலாந்து 1632இல் கத்தோலிக்கரான பால்டிமோர் பிரபுவுக்கு வழங்கப்பட்டது. பென்சில்வேனியா ஒரு கடனுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது. கடற்படைத் தளபதியான தன் தந்தைக்கு மன்னர் தர வேண்டியிருந்த பணத்துக்குப் பதிலாக, வில்லியம் பென் 1681இல் அந்த நிலத்தைப் பெற்றார்.

நான்காவது, கைப்பற்றுதல். டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமை 1664இல் ஆங்கிலேயர் பிடித்து, நியூயார்க் எனப் பெயரிட்டனர். டெலவேர் பகுதியில் முதலில் சுவீடன் நாட்டவரும், பிறகு டச்சுக்காரர்களும், இறுதியில் ஆங்கிலேயரும் ஆட்சி செலுத்தினர்.

இந்த நிலம் எதுவும் ஆளற்றுக் கிடக்கவில்லை. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் என்னும் பெயர்களே அங்கு வாழ்ந்த பழங்குடியினரின் மொழிகளிலிருந்து வந்தவை. பெயரை வைத்துக்கொண்டவர்கள் அம்மக்களை நிலத்திலிருந்து அகற்றினார்கள்.

தனித்தனியாகத் தோன்றியவை தனித்தனியாகவே சிந்தித்தன. 1776இல் விடுதலையை அறிவித்த பிறகும் ஒன்றுபடுவது எளிதாக இல்லை. மேற்கே பரந்த நிலங்களுக்கு உரிமை கொண்டாடிய வர்ஜீனியா போன்றவை அவற்றைப் பொதுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மேரிலாந்து பிடிவாதமாக நின்றது. அதனால் கூட்டமைப்பு விதிகள் 1781இல்தான் நடைமுறைக்கு வந்தன. 1783ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கை பதின்மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறது. 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்பை டெலவேர் முதலில் ஏற்றது. ரோட் தீவு 1790 வரை ஏற்கவில்லை; அதற்கு ஓராண்டுக்கு முன்பே வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றிருந்தார். சிறிய மாநிலங்களின் அச்சத்தைப் போக்கவே, மக்கள்தொகை எவ்வளவாயினும் செனட் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள் என முடிவானது.

பொதுவுக்கு வந்த மேற்கு நிலத்தில் வடமேற்குப் பகுதிக்கு 1787இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திரக் குடிமக்கள் 60,000 பேர் சேர்ந்தால், அப்பகுதி பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகலாம். அங்கே அடிமை முறைக்கும் தடை இருந்தது. அவ்வழியில் 1803இல் ஒகையோ மாநிலமானது. பழங்குடியினரின் நிலத்தை அவர்கள் சம்மதமின்றி எடுப்பதில்லை என்றும் அதே சட்டம் கூறியது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை.

'மாநிலம்' என்று நாம் சொல்லும்போது மாணவர்கள் இந்திய மாநிலங்களையே நினைக்கிறார்கள். இங்கே நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் மாநிலங்களை உருவாக்கவும் எல்லைகளை மாற்றவும் முடியும். அங்கே ஒரு மாநிலத்தின் நிலத்திலிருந்து புதிய மாநிலம் அமைக்க, அம்மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும். முதலில் தோன்றிய பதின்மூன்றும் சேர்ந்தே அந்த நாட்டை உருவாக்கின என்பது புரிந்தால், இவ்வேறுபாடும் எளிதில் விளங்கும்.

வகுப்பறையில் இதற்கு ஒரு பாடவேளை போதும். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, எல்லைக்கோட்டு வரைபடம் ஒன்றைக் கொடுக்கிறேன். ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் மூன்று கேள்விகள்: நிறுவியது யார்? எதற்காக? அதற்கு முன் அங்கே யார் வாழ்ந்தார்கள்? காரணத்துக்கு ஒரு வண்ணமாகத் தீட்டச் சொல்கிறேன். ஒரே காரணத்தில் அடங்காதவற்றுக்கு இரண்டு வண்ணம். எந்த வண்ணம் என்று குழுவுக்குள் வாக்குவாதம் எழும்போது குறுக்கிடாமல் இருந்துவிடுகிறேன். பெயர்கள் தாமாகவே மனத்தில் பதிந்துவிடுகின்றன.