பர்மா அகதிகளும் சர்க்காரின் கடமையும்

1942-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற கோஷம் தேசமெங்கும் எழுந்ததை எல்லோரும் அறிவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அஸ்ஸாம் மலைச் சரிவுகளில் காலெல்லாம் புண்ணாக இறங்கி வந்த ஒரு ஜனக்கூட்டம், ஆங்கில சர்க்காரின் யோக்கியதை இன்னதென்பதை நம் கிராமங்களுக்கு நேரில் கொண்டுவந்து காட்டிவிட்டது என்பது பலருக்கு நினைவில்லை. யுத்தத்தால் வீடிழந்தோருக்கு உதவுவது பற்றி இன்று பேச்சு வரும்போதெல்லாம் நிதி, நன்கொடை, கம்பளி, மருந்து என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அவை வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு முன்னதாகத் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உயிருக்குத் தப்பி ஓடி வருகிறவன் உதவியை உரிமையாகக் கேட்கலாமா? அல்லது, கொடுப்பவன் மனம் இரங்கினால் வாங்கிக்கொண்டு, இரங்காவிட்டால் பேசாமல் போக வேண்டியவனா? பர்மா வழியில் இக்கேள்விக்கு அன்றைய சர்க்கார் அளித்த விடையை நேயர்கள் முன் வைக்கிறோம்.

1931-ஆம் வருஷத்து ஜனக் கணிதப்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இருந்தனர். ரங்கூன் நகரத்தின் நான்கு லட்சம் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம்மவரே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், அரிசி ஆலைகளில் உழைத்தவர், ரிக்ஷா இழுத்தவர், தெருவைச் சுத்தம் செய்தவர் எல்லோரும் பெரும்பாலும் தெலுங்கரும் தமிழரும் ஒரியருமே. மற்றொரு பக்கத்தில் செட்டிநாட்டு லேவாதேவிக் கடைகள் இருந்தன. 1930-க்குப் பின் வந்த விலை வீழ்ச்சியில் கடன் தீர்க்க முடியாத பர்மியக் குடியானவரின் நிலங்கள் கைமாறின. 1937-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் வசமாகியிருந்தது. 1930-லும் 1938-லும் இந்தியருக்கு விரோதமாக நடந்த கலகங்களுக்கு இதுவும் ஒரு காரணம். இதை மறைப்பதால் நமக்கு யாதொரு லாபமும் இல்லை. ஜப்பானியர் குண்டுக்கு மட்டுமன்றி அண்டை வீட்டாரின் கோபத்துக்கும் அஞ்சியே நம்மவர் ஓடினர். அக்கோபத்துக்கு வித்திட்ட லாபத்தில் மூட்டை சுமந்த கூலிக்குப் பங்கில்லை; அடி மட்டும் அவனுக்கும் விழுந்தது.

1941 டிஸம்பர் 23-ஆம் தேதி ரங்கூன் மீது முதற் குண்டு விழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தஞ்சம் புகப் போதிய இடம் இல்லாத நகரத்திலிருந்து கூலி ஜனங்கள் குடும்பத்தோடு வடக்கே பிரோம் சாலையில் நடக்கத் தொடங்கினர். துறைமுகம் ஸ்தம்பித்தது. அப்போதுதான் சர்க்காருக்கு இந்தியக் கூலியின் அருமை தெரிந்தது. ‘திரும்பி வாருங்கள், வேலைக்கு வாருங்கள்’ என்று அழைத்தார்கள். பிரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டிக் கடற்கரைக்குச் செல்லும் தௌங்கூப் கணவாய் வழியைத் தடுத்தார்கள். பிரோமில் தேங்கிய கூட்டத்தில் வாந்திபேதி பரவியது. போகவும் விடாமல், இருக்கும் இடத்தில் காக்கவும் காக்காமல் வைத்திருந்ததற்கு என்ன பெயரிடுவது? கப்பலில் இடம் கிடைத்தவர்கள், அதாவது சீட்டு வாங்கப் பணமும் சிபார்சும் உள்ளவர்கள், கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்தார்கள். 1942 மார்ச்சு 8-ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் வசமானபின் கடல் வழியும் அடைபட்டது.

பிறகு மிஞ்சியது கால்நடைதான். தௌங்கூப் வழியாக லட்சத்துக்கு மேற்பட்டோர் நீரற்ற மலையைக் கடந்து, படகேறி அக்யாபுக்கும் சிட்டகாங்குக்கும் சென்றனர். மற்றோர் சிந்துவின் நதியோரம் கலேவாவுக்கு வந்து, மலைக்காய்ச்சல் மலிந்த கபா பள்ளத்தாக்கின் வழியே தமுவை அடைந்து, மணிப்பூர் மலைகளில் ஏறினர். இங்கேதான் நமது சரித்திரத்தில் மறக்கலாகாத விஷயம் நடந்தது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் சுலபமான பாதை ஒன்று. இந்தியருக்கு நீண்டதும் கடினமானதுமான பாதை வேறொன்று. ஜனங்களே அவற்றுக்கு ‘வெள்ளைப் பாதை’, ‘கறுப்புப் பாதை’ என்று பெயர் வைத்தார்கள். அலகாபாத்தில் ஏப்ரல் முடிவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி இந்தப் பாரபட்சத்தைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. மகாத்மாவும் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் இதை எடுத்துரைத்தார். அதற்கு முந்திய டிஸம்பரில் பினாங்குத் தீவிலிருந்து வெள்ளையரை மட்டும் இரவோடிரவாக ஏற்றிச் சென்ற செய்தியோடு இதையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குச் சாம்ராஜ்யத்தின் நியாயத்தைப் பற்றி வேறு பாடம் தேவைப்படவில்லை.

மே மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. 4-ஆம் தேதி பர்மா கவர்னர் மிச்சினாவிலிருந்து ஆகாய விமானத்தில் ஏறிச் சென்றார். நான்கு நாளில் அவ்வூரும் விழுந்தது. அங்கே விமானத்துக்காகக் காத்திருந்தவர்கள் ஹுகாங் பள்ளத்தாக்கின் சேற்றில் இறங்கி லெடோவை நோக்கி நடந்தார்கள். 10-ஆம் தேதி இம்பால் மீதே குண்டு விழ, முகாம் ஏற்பாடுகள் சிதறின. பட்டினியாலும் சீதபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். பர்மாவை விட்டு வந்தோர் நான்கைந்து லட்சம் என்பார்கள். மாண்டோர் தொகையோ பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதினாயிரம் என்பாரும் உண்டு, அதற்கும் மேலென்பாரும் உண்டு. அரிசி ஏற்றுமதியை மூட்டைக் கணக்கில் எழுதி வைத்த ஒரு நிர்வாகம், அம்மூட்டைகளைச் சுமந்தவர்களில் எத்தனை பேர் இறந்தனர் என்பதைப் பத்தாயிரக் கணக்கில் தவறவிட்டது.

உதவியே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட முதலாளிகளின் சங்கம் வழிநெடுக முகாம்கள் வைத்து, தேநீரும் சோறும் கொடுத்தது. மாக்ரெல் என்ற வெள்ளைக்காரர், 1942 ஜூன் மாதப் பெருவெள்ளத்தில் யானைகளைக் கொண்டு டாபா நதியில் சிக்கியோரை மீட்டது வீரச் செயலே. அதைப் புகழ நமக்குத் தயக்கமில்லை. ராமகிருஷ்ண மிஷனும் மார்வாரி நிவாரணச் சங்கமும் செய்த தொண்டு பெரிது. ஆனால் அம்முகாம்களுக்கு அரிசியைச் சுமந்து மலையேறியவர்கள் தோட்டக் கூலிகள். பிறரைக் காப்பாற்றப் போய்த் தாமே நோயில் மடிந்த அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தனி மனிதர் தயாளமாக இருந்த இடத்தில் அகதி பிழைத்தான். இல்லாத இடத்தில் செத்தான். சர்க்காரின் கடமை என்று ஒன்று எழுதப்படாதிருந்ததன் பலன் இதுவே.

இப்போது எழுதப்பட்டிருக்கிறதா? 1949-ஆம் வருஷத்து நான்காவது ஜினீவா ஒப்பந்தம் யுத்தத்தில் சிக்கிய சாமானிய ஜனங்களைக் காக்கக் கட்டளையிடுகிறது. அதில் நம் தேசம் சேர்ந்திருக்கிறது. 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. அகதி என்ற சொல்லுக்கு லட்சணம் கூறி, அவனுக்கு இன்னின்ன பாத்தியதை உண்டென்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. வெள்ளையர் விட்டுச் சென்ற 1946-ஆம் வருஷத்து அன்னியர் சட்டம் 2025-ல் நீங்கி வேறு சட்டம் வந்தது; அதிலும் அனுமதிச் சீட்டின்றி வந்த அகதி ஓர் அன்னியனே. 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்கு முன் வந்து பதிவான இலங்கைத் தமிழருக்கு உத்தரவு மூலம் தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் உத்தரவு கொடுத்த கை அதை ரத்தும் செய்யலாம். 2019-ஆம் வருஷத்துக் குடியுரிமைத் திருத்தமோ மூன்று தேசங்களையும் ஆறு மதங்களையும் பெயர் சொல்லி, பர்மாவையும் இலங்கையையும் விட்டுவிட்டது. அன்று மலையடிவாரத்தில் நின்று நிறத்தைப் பார்த்துப் பாதை பிரித்ததை வன்மையாகக் கண்டித்த தேசம், ஊரையும் மதத்தையும் பார்த்துப் பாதை பிரிக்கும்போது வெட்கப்பட வேண்டாமா?

தமுவுக்கு எதிரே, நம் எல்லைக்குள், மோரே என்ற ஊர் இருக்கிறது. 1964-ஐ ஒட்டி நே வின் சர்க்கார் கடைகளைப் பறிமுதல் செய்தபோது வெளியேறிய இந்தியர் ஏறக்குறைய மூன்று லட்சம். அவர்களில் சிலர், தமிழகத்தில் பிழைக்க வழியின்றித் தரை மார்க்கமாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயில் தங்கிக் குடியேறினர். 1942-ல் அகதிகள் வந்த அதே வழி. 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் அவ்வெல்லையில் மீண்டும் ஜனங்கள் குழந்தைகளோடு ஓடி வந்தனர். 2023 மே மாதத்து மணிப்பூர்க் கலகத்தில் மோரேயும் எரிந்தது. தமிழர் வீடுகளும் தப்பவில்லை. ஒரே மலையில் இத்தனை முறை ஓடி வந்தோருக்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அரிசி அளக்கப்படுகிறது என்று பார்லிமெண்டில் நம் அங்கத்தினர் எழுந்து கேட்கட்டும். மந்திரி சொல்லும் பதிலை எழுத்தில் வாங்கி வரட்டும்.