காணாமல் ஆக்கப்பட்டோர் பேரேடு: ஓர் ஊடகத் திட்டத்தின் வரவும் செலவும்

2008 அக்டோபரில் இலங்கையின் வடக்கே வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) பதிவு அது. 2009இல் உள்நாட்டுப் போரின் முடிவில் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாகப் பதிவானவர்கள் 2,82,380 பேர். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1,46,679 வரும். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் இந்தக் கழித்தல் கணக்கை வைத்து, இவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டார். 2021 ஏப்ரலில் அவர் காலமானார். அவர் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அதே போன்ற கேள்வியோடு காத்திருக்கும் குடும்பங்களில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் வாழ்கிறார்கள். 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை 3,04,269 இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக இந்தியா வந்தார்கள் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. ஏறத்தாழ 58,000 பேர் தமிழ்நாட்டின் முகாம்களிலும், சுமார் 34,000 பேர் காவல் நிலையப் பதிவோடு வெளியிலும் இருப்பதாக அதே அமைச்சகம் சொல்லியிருக்கிறது. 1990 முதல் இயங்கும் கும்மிடிப்பூண்டி முகாம் அவற்றில் பெரியவற்றுள் ஒன்று. 900க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆண்கள் பெயிண்டிங் வேலைக்கும் சிப்காட் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். முகாமில் இருப்பவர்களை அரசு தலை தலையாக எண்ணுகிறது. தணிக்கை நாளில் ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். இப்படி எண்ணப்படும் குடும்பத்தின் அட்டையில், கடல் தாண்டும் முன்பே தொலைந்துபோன மகனுக்கோ கணவனுக்கோ இடம் கிடையாது.

காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிப் படங்களும் தொடர்களும் சிறப்பிதழ்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை விருது கிடைத்தது என்று எடை போடுவது வழக்கமாகிவிட்டது. தேடும் குடும்பத்துக்கு அந்தத் திட்டத்தால் என்ன வரவு என்று ஒரு பேரேடு போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் பக்கம்: எண்கள்

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று கேட்டால் ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள் வரும்.

1994இல் அமைக்கப்பட்ட மூன்று வலய ஆணைக்குழுக்கள்: 27,526 முறைப்பாடுகள், அவற்றில் உறுதியானவை 16,742.
சர்வதேச செஞ்சிலுவைக் குழு, 1990 முதல்: 16,000க்கு மேல். இதில் 5,100க்கும் அதிகமானோர் படையினர்.
2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு: 20,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள்.
காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம்: பொதுமக்களிடமிருந்து ஏறத்தாழ 15,000 முறைப்பாடுகள்.
காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழுவிடம் முடிவு தெரியாமல் நிற்பவை: 6,000க்கு மேல். உலகில் ஈராக்குக்கு அடுத்த இடம்.
அம்னெஸ்டி மதிப்பீடு, 1980களின் பிற்பகுதியிலிருந்து: 60,000 முதல் 1,00,000 வரை.
ஐ.நா. உள்ளக மீளாய்வு, 2012: போரின் கடைசிக் கட்டத்தில் கணக்கில் வராதோர் 70,000க்கு மேல்.

இந்த எண்களில் எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை எண்ணுகிறது. வலய ஆணைக்குழுக்களின் எண்ணில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் கொண்டுபோகப்பட்ட சிங்கள இளைஞர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். செஞ்சிலுவைக் குழுவின் எண் குடும்பத்தார் நேரில் வந்து பதிந்தது. ஆயருடைய எண் இரண்டு மக்கள்தொகைப் பதிவுகளின் வித்தியாசம். அதில் இறந்தவரும் இருக்கலாம், பதியாமல் தப்பியவரும் இருக்கலாம். முறைப்பாடு வேறு, ஆள் வேறு. ஒரே மகனுக்காகத் தாய் ஓரிடத்திலும் மனைவி இன்னோரிடத்திலும் மனுக் கொடுத்திருப்பார்கள்.

எண்ணைத் தவறாகச் சொன்னால் உயிர் போகும் என்பதை 2009 காட்டியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வன்னிக்குள் சுமார் 3,30,000 பேர் இருப்பதாகக் களத்திலிருந்த அரசு அதிகாரிகளே கணித்தார்கள். கொழும்பு 70,000 என்றது. உணவும் மருந்தும் சிறிய எண்ணுக்கே அனுப்பப்பட்டன. கடைசியில் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,90,000.

ஆகவே, ஓர் எண்ணை அச்சிடும்போது அது எந்தக் காலத்துக்கு, எந்தப் பகுதிக்கு, மனுவுக்கா ஆளுக்கா என்ற மூன்றையும் கூடவே சொல்கிறதா என்பதுதான் ஊடகத் திட்டத்துக்கு முதல் சோதனை. இவை இல்லாமல் பெரிய எண்ணைத் தலைப்பில் போடும் படைப்பு, மறுக்க நினைப்பவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறது.

இரண்டாம் பக்கம்: குடும்பத்தின் செலவு

இலங்கை அரசு 2022 மார்ச்சில் குடும்பத்துக்கு ஒரு தடவை 1,00,000 இலங்கை ரூபாய் என்று முடிவெடுத்து, அதே ஆண்டில் 2,00,000 ஆக உயர்த்தியது. 2009 மேயில் மகனைப் படையினரிடம் கையளித்த தாய்க்கு 2025 மே வரை 192 மாதங்கள் கழிந்துவிட்டன. அந்தத் தொகையை மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 1,042 ரூபாய். வடக்கு கிழக்கின் தாய்மார் அமைப்புகள் அதை வாங்க மறுத்ததன் பொருள் இந்த வகுத்தலிலேயே தெரிகிறது. அதற்கு முன், 2019 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 6,000 ரூபாய் அறிவித்தார்கள். அதைப் பெறுவதற்கு, ஆளைக் காணவில்லை என்ற சான்றிதழை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தெருவோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2025 மேயில் 3,000 நாட்கள் கடந்தன. பந்தலிலேயே மூப்பெய்தி இறந்த பெற்றோர் பலர். செஞ்சிலுவைக் குழு 395 குடும்பங்களைச் சந்தித்து 2016இல் வெளியிட்ட அறிக்கையில், குடும்பங்கள் முதலாவதாகக் கேட்டது ஆளுக்கு என்ன நடந்தது என்ற விடையைத்தான். பணத் தேவையும் சட்டத் தேவையும் அதற்குப் பின்னால் வந்தன.

இதே குடும்பம் தன் கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறது என்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, 2016இன் கலந்தாய்வுச் செயலணி, பிறகு காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று அரசு அமைப்புகளே நான்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி, பஸ் காசு, அழுகை. ஐந்தாவதாக மைக்கை நீட்டுபவர், முன்பு சொன்னதைப் படித்துவிட்டாவது போக வேண்டும்.

மூன்றாம் பக்கம்: ஊடகம் ஈட்டிய வரவு

லீனா மணிமேகலையின் 'வெள்ளை வேன் கதைகள்' ஆவணப்படம் 2013இல் வந்தது. தேடியலையும் ஏழு பெண்களின் கதை. கொழும்பில் காமன்வெல்த் மாநாடு நடந்த நவம்பரில் அதன் பகுதிகளைப் பிரிட்டனின் சானல் 4 ஒளிபரப்பியது. செஞ்சிலுவைக் குழுவின் 16,000 பெயர்களோடு வைத்தால் ஏழு என்பது இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்தப் படத்தின் பணி பதிவேடு அல்ல. உலகத் தலைவர்கள் கூடியிருந்த வாரத்தில் முகமில்லாத எண்ணுக்கு ஏழு முகங்களைக் கொடுத்தது, அது பெரிய வரவு. ஆள் எங்கே என்ற கேள்விக்கு விடை தேடுவது வேறு வகை உழைப்பு.

அந்த உழைப்புக்கு சைப்ரஸ் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே காணாமல் போனோர் 2,002 பேர்: கிரேக்க சைப்ரியாட்டுகள் 1,510, துருக்கிய சைப்ரியாட்டுகள் 492. இரு சமூகத்தாரும் சேர்ந்த குழு 1981இலேயே அமைந்தாலும், இருவரும் சேர்ந்து தோண்டத் தொடங்கியது 2006இல்தான். செவ்குல் உலுடாக் என்ற துருக்கிய சைப்ரியாட் பத்திரிகையாளர் இரு தரப்பின் நாளிதழ்களிலும் தொடர் எழுதி, தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். பெயர் சொல்ல விரும்பாத முதியவர்கள் அழைத்து, இந்தக் கிணறு, அந்த வயல் என்று புதைத்த இடங்களைச் சொன்னார்கள். இன்றைக்கு 1,050 பேர் அளவில் அடையாளம் காணப்பட்டுக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள். அத்தனைக்கும் அவர் ஒருவரே காரணம் அல்ல. மரபணு ஆய்வகமும் அகழ்வுக் குழுவும் உண்டு. இடத்தைச் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆளைப் பேச வைத்தது பத்திரிகை.

பொஸ்னியாவில் இன்னொரு வழி. சிரெப்ரனிட்சாவில் கொல்லப்பட்டோரின் உடல்களோடு கிடைத்த சட்டை, சாவிக்கொத்து போன்றவற்றைப் படம் பிடித்துச் செஞ்சிலுவைக் குழு புத்தகமாக்கியது. புகலிடம் தேடிச் சிதறிப்போன குடும்பங்கள் இருந்த இடத்துக்கே அந்தப் புத்தகம் போனது. முன்னாள் யூகோஸ்லாவியாவில் காணாமல் போன சுமார் 40,000 பேரில் 70 விழுக்காட்டுக்கு மேல் விடை கிடைத்திருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம் மரபணுச் சோதனை என்றாலும், இரத்தம் கொடுக்க உறவினரைத் தேடிப் பிடித்ததில் அச்சுக்கும் வானொலிக்கும் பங்கு உண்டு.

நான்காம் பக்கம்: செம்மணியும் கும்மிடிப்பூண்டியும்

யாழ்ப்பாணம் 1995இன் இறுதியில் படையினர் வசமானது. அடுத்த ஆண்டில் குடாநாட்டில் சுமார் 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாக அம்னெஸ்டி கணித்தது. 1998இல் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, யாழ்ப்பாணத்துக்கு அருகே செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியதில் கிடைத்தவை 15. பிறகு நீண்ட மௌனம். 2025இல் செம்மணி சித்துபாத்தி மயானத்தில் மீண்டும் தோண்டினார்கள். செப்டம்பருக்குள் கண்டுபிடிக்கப்பட்ட எலும்புக்கூடுகள் 240.

அவற்றில் ஒன்று சிறு குழந்தையுடையது. பக்கத்தில் ஒரு நீலநிறப் புத்தகப்பையும் ஒரு பொம்மையும் இருந்தன. பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயது. அந்தப் பையை வாங்கிக் கொடுத்தவர் உயிரோடிருந்தால், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கிடைத்த பொருட்களை மக்கள் பார்த்து அடையாளம் சொல்லட்டும் என்று யாழ்ப்பாண நீதிமன்றம் உத்தரவிட, 2025 ஆகஸ்ட் 5 அன்று காட்சிக்கு வைத்தார்கள். ஒரே ஒரு பிற்பகல்.

இந்தியாவுக்கு அகதிகள் வருகையின் மூன்றாம் கட்டம் தொடங்கியது 1996இல். செம்மணி நிரம்பிய அதே ஆண்டு. அந்தப் பையை அறிந்தவர் யாழ்ப்பாணத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மண்டபம் முகாமில் இருக்கலாம், கும்மிடிப்பூண்டியில் இருக்கலாம். கடவுச்சீட்டு இல்லாதவர் ஒரு பிற்பகலுக்கு யாழ்ப்பாணம் போய்வர முடியாது. நீதிமன்ற அனுமதியோடு அந்தப் படங்களை முகாமுக்குக் கொண்டுவருவது ஒரு பத்திரிகையால் ஆகக்கூடிய காரியம்.

ஐந்தாம் பக்கம்: மதிப்பீடு

கும்மிடிப்பூண்டி முகாமில் ஒரு பதிவேட்டுத் திட்டத்துக்கு என்ன செலவாகும்? கணக்குப் போடுவதற்காக ஐந்தில் ஒரு குடும்பத்தில் ஒருவர் தொலைந்திருப்பதாகக் கொள்வோம். இது ஆய்வு முடிவு அல்ல, மதிப்பீட்டுக்கான அனுமானம்.

900 குடும்பங்களோடு முதல் சந்திப்பு, அரை மணி நேரம் வீதம்: 450 மணி.
180 குடும்பங்களில் இரண்டு அமர்வாக ஒலிப்பதிவு, 3 மணி வீதம்: 540 மணி.
கேட்டு எழுதுதல், பதிவு நேரத்தைப் போல் நான்கு மடங்கு: 2,160 மணி.
பழைய மனுக்கள், ரசீதுகள், பட்டியல்களோடு ஒப்பிடுதல், 5 மணி வீதம்: 900 மணி.
மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு இரு முறை திரும்பிப் போய்ப் பார்த்தல், 1 மணி வீதம்: 1,080 மணி.
மொத்தம்: 5,130 மணி. நாளுக்கு 6 மணி என்றால் 855 ஆள்நாட்கள்.

ஆள்நாளுக்கு 1,200 ரூபாய் என்றால் 10,26,000 ரூபாய். பேச வரும் குடும்பத்தின் கூலி இழப்புக்கு 800 ரூபாய் வீதம் இரண்டு நாள்: 2,88,000. கூட்டினால் 13,14,000 ரூபாய். ஒரு பெயருக்கு 7,300 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒலிப்பதிவுக்கு ஆகும் நேரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கேட்பதும் ஒப்பிடுவதும் திரும்பிப் போவதும். பெரும்பாலான ஊடகத் திட்டங்கள் அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும் பணம் ஒதுக்கி, கேமராவை மூடியதும் ஊருக்குத் திரும்பிவிடுகின்றன. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் முகாம்களுக்கு அறிவித்த தொகுப்பு 317.40 கோடி ரூபாய். அதில் 7,469 வீடுகளுக்கு 231.54 கோடி. வீடு கட்டியது நல்ல காரியம். இந்தப் பதிவேட்டுக்கு ஆகும் செலவு அந்தத் தொகுப்பில் ஆயிரத்தில் அரைப் பங்குகூட இல்லை.

பதிவேடு இரண்டு பகுதியாக இருக்க வேண்டும். குடும்பம் சம்மதித்தது மட்டும் அச்சுக்கு, மற்றது பூட்டுக்குள். யார் ஆயுத இயக்கத்தில் இருந்தார், யார் காட்டிக்கொடுத்தார் என்பது வெளியே வந்தால் இலங்கையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு விசாரணை போகும். இதைக் காக்கத் தெரியாத நிறுவனம் இந்த வேலையைத் தொடக்கூடாது.

தீர்ப்பு

மூன்று ஆண்டு முடிவில் இப்படி ஒரு திட்டத்தை ஐந்து கேள்விகளால் அளக்கலாம். எத்தனை பெயர்கள் தேதி, இடம், கடைசியாகப் பார்த்தவர் என்ற விவரத்தோடு முழுமையாகப் பதிவாயின? இரண்டு தடவை எண்ணப்பட்ட பெயர்கள் எத்தனை களையப்பட்டன? எத்தனை குடும்பங்களின் மனு உரிய அலுவலகத்தில் சேர்ந்து ரசீது கிடைத்தது? ஓர் இடத்தையோ பொருளையோ அடையாளம் காட்டும் தகவல் எத்தனை வந்தது? எத்தனை குடும்பங்களுக்குத் திரும்பிப் போய் நிலவரம் சொன்னார்கள்? இவற்றுக்கு விடை இல்லாத திட்டம், பத்து லட்சம் பேர் பார்த்திருந்தாலும் குடும்பத்தின் பேரேட்டில் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்படும்.

வயதானவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1990இல் நாற்பது வயதில் படகேறிய தாய்க்கு 2025இல் 75. கடைசியாகப் பார்த்தவரும் போய்விட்டால், எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் அந்தப் பெயர் பதிவாகாது. சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு முகாமில் இந்த வேலையைத் தொடங்குவதற்குத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் ஊடகத் துறை மாணவர்களைக் கொண்ட கல்லூரிகளுக்கும் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. ஒரு பெயருக்கு 7,300 ரூபாய். இந்த ஆண்டே தொடங்குங்கள்.