நிலம் பார்த்தவர்கள் – 9: ஆறு வண்ணங்களில் ஒரு நாடு

பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகள் கையில் வரைபடத்தாளோடு வயல் வயலாக நடந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். சுமார் இரண்டரை லட்சம் பிள்ளைகள் ஈடுபட்ட அந்த நில ஆய்வின் பெரும்பகுதி 1931க்கும் 1934க்கும் இடையில் முடிந்தது. நிரப்பிய தாள்கள் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருந்த, ஆய்வை நடத்திய புவியியலாளர் டட்லி ஸ்டாம்ப்பின் அலுவலகத்துக்கு வந்து குவிந்தன. அவற்றை அவர் நாட்டு மக்கள் முன் எப்படி வைத்தார் என்பதே இந்த வாரப் பேச்சு. என் பார்வையில் அவருடைய மேதைமை முழுதும் வெளிப்பட்டது இங்கேதான்.

பிள்ளைகளிடம் கொடுத்தது மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த தாள். அதில் ஒவ்வொரு வயலின் வேலியும் தெரியும். அச்சிட்டு விற்க வேண்டியதோ மைலுக்கு ஓர் அங்குலத் தாள். அதாவது களத்தில் 36 சதுர அங்குலத்தில் விரிந்திருந்த ஒரு சதுர மைல், அச்சில் ஒரே சதுர அங்குலத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அப்படியானால் பத்து ஏக்கர் வயல் ஒன்று அச்சில் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அந்த இடத்தில் கோதுமையா, பார்லியா, கிழங்கா என்று எழுதிக் காட்ட முடியாது. ஒரு வண்ணம் தீட்டலாம், அவ்வளவுதான்.

அந்த நெருக்கடிக்கு ஏற்றபடி வகைகளைச் சில எழுத்துக்களுக்குள் அடக்கியே ஸ்டாம்ப் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பியிருந்தார். காட்டுக்கு எஃப், நிரந்தரப் புல்வெளிக்கு எம், உழவு நிலத்துக்கு ஏ, கரம்புக்கும் மலை மேய்ச்சலுக்கும் ஹெச், தோட்டத்துக்கும் பழத்தோப்புக்கும் ஜி, விவசாயத்துக்கு உதவாத இடத்துக்கு டபிள்யூ, நீர்நிலைக்கு பி. அச்சில் காடு கரும்பச்சை ஆனது. புல்வெளி இளம்பச்சை, உழவு பழுப்பு, கரம்பு மஞ்சள், தோட்டம் ஊதா, கட்டடமும் ஆலையும் சிவப்பு. நீருக்கு வழக்கமான நீலம். இந்த வண்ணங்களை பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தின் மேலேயே அச்சிட்டார்கள். சாலையும் ஊர்ப்பெயரும் உயரக் கோடுகளும் வண்ணத்தினூடே தெரிந்தன. தாளை வாங்கியவர் முதலில் தன் ஊரைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

அச்சில் எது தெரியும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டே ஸ்டாம்ப் தகவல் திரட்டினார். நம் கல்லூரிகளில் கள ஆய்வு அறிக்கை எழுதும்போது பெரும்பாலும் முறை தலைகீழாக இருக்கிறது. கிடைத்ததையெல்லாம் திரட்டி முடித்த பிறகு, எதற்குப் படம் போடலாம் என்று யோசிக்கிறோம்.

வகைகள் குறைவாக இருந்தால் வேலை எளிது என்று எண்ண வேண்டாம். எல்லைகளை வகுப்பதில்தான் சிரமம். பயிர்ச் சுழற்சிக்காக இரண்டு மூன்று ஆண்டு புல் விட்டிருக்கும் வயல் கண்ணுக்குப் புல்வெளி. ஆனால் விதிப்படி அது உழவு நிலம். பார்த்தால் தெரியாது, விவசாயியைக் கேட்டாக வேண்டும். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காய்கறியோ பூவோ வளர்க்க இடம் இருந்தால் ஊதா. வெறும் முற்றம் என்றால் சிவப்பு. இந்த ஒரு விதியால் லண்டனைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்த தோட்ட வீட்டுப் புறநகர்கள் ஊதா நிறத்தில் தனியே தெரிந்தன. ஒரு நகரம் விளைநிலத்துக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது புள்ளிவிவரம் படிக்காதவருக்கும் விளங்கியது.

பிரிட்டனில் 1866 முதலே ஆண்டுதோறும் விவசாயக் கணக்கு எடுத்து வந்தார்கள். ஒரு வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் கோதுமை என்று அது சொல்லும். எந்த வயலில் என்று சொல்லாது. தமிழ்நாட்டுக்காரருக்கு இது வியப்பாக இருக்கலாம். சர்வே நம்பர் வாரியாக எந்தப் பயிர் என்று கர்ணம் எழுதிய அடங்கல் நம் கிராமங்களில் இருந்தது, இன்றும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. நம்மிடம் ஏட்டில் வரிவரியாகக் கிடப்பதை ஸ்டாம்ப் ஒரே பார்வையில் காணும்படி செய்தார். ஒரு தாலுகா அடங்கலையாவது அப்படி வண்ணமாக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

முதல் தாள்கள் 1933இல் வெளிவந்தன. தானிய விலை சரிந்து, உழுத நிலத்தை விவசாயிகள் புல்லுக்கு விட்டிருந்த காலம் அது. இளம்பச்சை பரந்து கிடந்த அந்தத் தாள்கள் ஒரு மந்தகாலத்தின் சாட்சி. 1939இல் நிலைமை மாறியது. உணவின் பெரும்பகுதியைக் கப்பலில் கொண்டுவந்த நாடு, போர் மூண்டால் கடல்வழி அடைபடும் என்று அஞ்சியது. நிரந்தரப் புல்வெளியை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்டு மானியம் என்று அந்த மே மாதம் அரசு அறிவித்தது. போர் தொடங்கியதும் மாவட்ட விவசாயக் குழுக்களுக்கு ஸ்டாம்ப்பின் தாள்கள் கைகொடுத்தன. எங்கே புல் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பள்ளிப் பிள்ளை ஒருத்தி எழுதிய எம் என்ற எழுத்து, எந்த வயலில் ஏர் இறங்கலாம் என்பதற்கு ஆதாரமானது.

ஆனால் அங்கேயே அதன் குறையும் வெளிப்பட்டது. ஆற்றோரத்து வளமான புல்வெளியும் சரிவில் கிடக்கும் மெலிந்த புல்லும் ஒரே இளம்பச்சை. எதை உழுதால் விளையும், எது விதையையும் விழுங்கிவிடும் என்று அந்த வண்ணம் சொல்லாது. ஸ்டாம்ப் இதை உணர்ந்தே இருந்தார். நிலத்தின் இன்றைய பயன்பாடு வேறு, அதன் தரம் வேறு என்று பிரித்து, பின்னர் தரத்துக்கெனப் பத்து வகைகள் வகுத்தார். படம் தனியாக நின்று பேசிவிடும் என்றும் அவர் நம்பவில்லை. மண், மழை, பண்ணை முறை, பழைய வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து மாவட்டவாரியாக 92 அறிக்கைகள் வந்தன. 1948இல் எல்லாவற்றையும் தொகுத்த நூல் வந்தது. அதற்கு முன்பே, கிராமப்புற நிலம் குறித்து 1942இல் அறிக்கை தந்த ஸ்காட் குழுவின் துணைத் தலைவராக இருந்து, நல்ல விளைநிலத்தைக் கட்டடங்களிடமிருந்து காக்க வேண்டும் என்று வாதாடினார்.

1960இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆலிஸ் கோல்மன் இதே நாட்டை இரண்டாம் முறை ஆய்வு செய்யப் புறப்பட்டார். மைலுக்கு ஓர் அங்குலம் போதாது என்று 1:25,000 அளவைத் தேர்ந்தார். வகைகள் அறுபதைத் தாண்டின. கோதுமையும் பார்லியும்கூடத் தனித்தனியே தெரிய வேண்டும் என்றார். களவேலை பெரிய அளவில் நடந்தது. ஆனால் அளவு பெருகினால் தாள்களும் பெருகும், அச்சுச் செலவும் ஏறும். நாட்டின் சிறு பகுதி மட்டுமே அச்சேறியது. அச்சேறாத தாள்களில் என்ன இருந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.