கற்பது ரிமோட்டா, கதவா?

விடியற்காலை மணி 4.30. ஜொகூர் பாருவின் தாமான் ஒன்றில் இன்னும் இருள் விலகவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பா, கடற்பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் காரைக் கிளப்புகிறார். ரிமோட்டை அழுத்துகிறார். ஆட்டோகேட் அசையவில்லை. மறுபடி அழுத்துகிறார். ரிமோட்டில் சின்ன விளக்கு எரிகிறது. கதவோ கல்லாக நிற்கிறது. கடைசியில் உறங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பி, அவருடைய ரிமோட்டால் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

அப்பாவின் ரிமோட் புதியது. சனிக்கிழமை சாவிக் கடையில் அம்மாவின் ரிமோட்டைக் கொடுத்து எடுத்த நகல். அன்று மாலை வீடு திரும்பியதும் அழுத்திப் பார்த்தார்கள். கதவு நன்றாகவே திறந்தது. ஆனால் அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? மின்கலம் தீர்ந்துவிட்டதா? இரண்டும் இல்லை. மாணவர்களே, இந்தக் கற்பனைக் குடும்பத்துக்கு நேர்ந்தது எந்த வீட்டிலும் நேரக்கூடியதுதான். புதிரை அவிழ்க்க, பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

கண்ணுக்குத் தெரியாத விளக்கு

தொலைக்காட்சி ரிமோட் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. நடுவில் யாராவது நின்றால் அந்த ஒளி தடைப்படும். ஆட்டோகேட் ரிமோட் வானொலி அலையைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் காரின் கண்ணாடியையும் மழையையும் தாண்டிக் கட்டளை போய்ச் சேருகிறது.

மலேசியாவில் விற்கப்படும் ஆட்டோகேட் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை 330 மெகாஹெர்ட்ஸ் அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. 433.92 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடியில் 43 கோடியே 39 இலட்சத்து 20 ஆயிரம் அதிர்வுகள். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 17 சென்டிமீட்டர். கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சிறு கம்பி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அலையை வாங்கும் ஆண்டெனா. அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாக ஏற்கும். 330 மெகாஹெர்ட்ஸ் கதவுக்கு இதே கணக்கைப் போட்டால் 23 சென்டிமீட்டர் வரும்.

எனவே புது ரிமோட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதிர்வெண். 330 கதவிடம் 433.92 ரிமோட் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. மின்னல் எஃப்.எம். அலைவரிசையில் வானொலியை வைத்துக்கொண்டு ராகாவுக்குக் காத்திருப்பது போலத்தான் அது.

குறிலும் நெடிலும்

அதிர்வெண் ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஒரே தெருவில் 433.92 மெகாஹெர்ட்ஸ் கதவுகள் பத்து இருக்கலாம். நீங்கள் அழுத்தினால் உங்கள் வீட்டுக் கதவு மட்டும்தானே திறக்க வேண்டும்? அதற்கு உதவுவது குறியீடு.

இருட்டில் டார்ச் விளக்கை ஏற்றி அணைத்துச் சைகை காட்டுவதைப் போல, ரிமோட்டும் வானொலி அலையை விட்டு விட்டு அனுப்புகிறது. சில துடிப்புகள் குறுகியவை, சில நீண்டவை. தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்று படித்திருப்பீர்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வகை ரிமோட் சில்லில் நீண்ட துடிப்பு குறுகியதைப் போல 3 மடங்கு. குறுகிய துடிப்பு 0, நீண்ட துடிப்பு 1. இப்படி 0, 1 வரிசையாகப் பறந்து வரும் 'சொல்' தனக்குரியதா என்று கதவு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் மோட்டார் சுழலும்.

பழைய ரிமோட்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே 8 குட்டி விசைகள் வரிசையாக இருக்கும். அவைதான் அந்தச் சொல்லின் எழுத்துகள். ஒவ்வொரு விசைக்கும் இரண்டு நிலைகள் என்றால் 2-ஐ 8 முறை பெருக்கினால் வரும் 256 குறியீடுகள் கிடைக்கும். நம் நாட்டில் பலர் வீட்டில் உள்ள ரிமோட்டில் விசைக்கு +, 0, - என மூன்று நிலைகள் உண்டு. 3-ஐ 8 முறை பெருக்கினால் 6,561. இந்த வகை ரிமோட்டுக்கு இன்னொன்று வேண்டுமென்றால் கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. அதே வகை, அதே அதிர்வெண் கொண்ட புது ரிமோட்டை வாங்கி, பழையதில் உள்ளபடியே 8 விசைகளையும் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது.

அதற்குப் பின் வந்த ரிமோட்டுகளில் விசைகள் இல்லை. குறியீட்டைத் தொழிற்சாலையிலேயே சில்லில் பதித்துவிடுகிறார்கள். 20 இலக்க 0, 1 வரிசை என்றால் 10,48,576 குறியீடுகள். ஒரு குறியீட்டைச் சோதிக்க அரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். 256 குறியீடுகளையும் சோதித்து முடிக்க 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். 6,561-க்கு 55 நிமிடம். பத்து இலட்சத்துக்கோ 6 நாள்.

ஆனால் திறமையானவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருப்பதில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி காம்கார் 2015-இல் ஒரு விளையாட்டுப் பொருளை மாற்றியமைத்து, 12 விசைகள் கொண்ட ரிமோட்டுகளின் 4,096 குறியீடுகளையும் 10 விநாடிக்குள் அனுப்பிக் காட்டினார். ஒரு குறியீட்டின் வால் அடுத்த குறியீட்டின் தலையாக அமையும்படி எல்லாவற்றையும் அந்தாதி போலத் தொடுத்ததுதான் அவர் கையாண்ட உத்தி. குறையைச் சுட்டிக்காட்டுவதே அவருடைய நோக்கம். அதனால், தீயவர்கள் அப்படியே பயன்படுத்த முடியாதபடி நிரலை முடக்கித்தான் வெளியிட்டார்.

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை

சாவிக் கடைகளில் கிடைக்கும் நகல் ரிமோட்டுக்கு வருவோம். பலவகைக் கதவுகளுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் இந்த ரிமோட்டுக்கு உங்கள் கதவைப் பற்றி எதுவும் தெரியாது. அது ஒரு கிளிப்பிள்ளை. மூல ரிமோட் பேசுவதைக் கேட்கும். குறிலும் நெடிலும் எந்த வரிசையில் வந்தன என்று நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அதையே திருப்பிச் சொல்லும்.

கற்றுக்கொடுக்கும் முறையும் எளிது. பல மாதிரிகளில் இப்படித்தான் செய்கிறார்கள்: நகல் ரிமோட்டின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னி, பழைய நினைவு அழியும். பிறகு இரண்டு ரிமோட்டுகளையும் அருகருகே வைத்து, நகலில் எந்தப் பொத்தானுக்குக் கற்பிக்க வேண்டுமோ அதையும் மூல ரிமோட்டின் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். நகலின் விளக்கு படபடவென மின்னினால் பாடம் பதிந்துவிட்டது என்று பொருள். மாதிரிக்கு மாதிரி இது மாறும் என்பதால் பெட்டியில் வரும் தாளைப் படித்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? நகல் எடுக்கும்போது கதவு அருகில் இல்லை. கதவின் அனுமதியை யாரும் கேட்கவில்லை. ரிமோட் ஒரு நிமிடம் கைக்குக் கிடைத்தால் போதும். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துவிடலாம். கார் கழுவும் இடத்திலும் பட்டறையிலும் காரை விட்டு வரும்போது, வீட்டுச் சாவியை மறக்காமல் கழற்றி எடுத்துக்கொள்கிறோம். ஆட்டோகேட் ரிமோட்டையோ காரிலேயே விட்டுவிடுகிறோம். அதுவும் ஒரு சாவிதான் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

ஒருமுறை சொன்ன சொல் மறுமுறை செல்லாது

இந்தக் குறைக்குத் தீர்வாக வந்ததுதான் மாறும் குறியீடு. இதில் மிகவும் புகழ்பெற்ற 'கீலாக்' முறை 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது. அதன் பிறகு உலகெங்கும் கதவுகளிலும் கார்களிலும் பரவியது.

இரண்டு நண்பர்களிடம் ஒரே ரகசியப் புத்தகத்தின் இரண்டு பிரதிகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சந்திக்கும்போதும் ஒருவர் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் பிரதியில் சரிபார்ப்பார். ஒட்டுக் கேட்பவன் இன்றைய சொல்லைத் தெரிந்துகொண்டாலும் நாளை அது செல்லாது. நாளைய சொல்லை ஊகிக்கப் புத்தகமும் அவனிடம் இல்லை.

ரிமோட்டில் புத்தகத்தின் இடத்தில் இருப்பது ஒரு ரகசிய எண். பக்க எண்ணின் இடத்தில் இருப்பது ஓர் எண்ணி. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எண்ணி ஒன்று கூடும். ரகசிய எண்ணைக் கொண்டு அதை உருமாற்றி ரிமோட் அனுப்புகிறது. எண்ணி ஒன்றே ஒன்று கூடினாலும், வெளியே வரும் குறியீட்டில் ஏறத்தாழ பாதி இலக்கங்கள் மாறிவிடும். கதவு அதைப் பிரித்துப் பார்த்து, எண்ணி முன்னேறியிருக்கிறதா என்று சரிபார்க்கும். பழைய எண் வந்தால் ஏற்காது.

இப்போது அப்பாவின் புதிர் அவிழ்கிறதா? சாவிக் கடையில் அம்மாவின் ரிமோட்டை அழுத்தியபோது புதிய குறியீடு ஒன்று வெளிவந்தது. கதவு அங்கே இல்லை; அது அந்தக் குறியீட்டைக் கேட்கவில்லை. கிளிப்பிள்ளை கேட்டது. மாலையில் அதைத் திருப்பிச் சொன்னபோது, கதவைப் பொறுத்தவரை அது இன்னும் பயன்படுத்தப்படாத புதுச் சொல், ஆகவே திறந்தது. அடுத்த முறை அதே சொல்லைக் கேட்டதும், 'இது பழசு' என்று மறுத்துவிட்டது. கதவு கெடவில்லை. அது தன் கடமையைச் செய்தது.

சரி, உங்கள் தம்பி ரிமோட்டைப் பள்ளிக்கு எடுத்துப் போய் விளையாட்டாக 50 முறை அழுத்திவிட்டால்? எண்ணி 50 முன்னேறிவிடும். கதவுக்கு அது தெரியாது. கீலாக் சில்லுகளுக்கான வழக்கமான அமைப்பில், 16 அழுத்தங்கள் வரை விடுபட்டிருந்தால் கதவு கண்டுகொள்ளாமல் திறக்கும். அதற்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டும். இரண்டும் வரிசையாக வந்தால், 'இது நம்ம ரிமோட்தான்' என்று கதவு ஏற்றுக்கொள்ளும்.

இனி கதவுதான் மாணவர்

அப்படியானால் மாறும் குறியீட்டுக் கதவுக்குக் கூடுதல் ரிமோட் எப்படிச் சேர்ப்பது? இங்கே கற்க வேண்டியது ரிமோட் அல்ல, கதவு. கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். சில விநாடிகளுக்குள் புது ரிமோட்டை அழுத்தினால், அதன் தொடர் எண்ணையும் எண்ணியின் நிலையையும் கதவு பதிவுசெய்துகொள்ளும். ஒவ்வொரு ரிமோட்டின் ரகசிய எண்ணையும், தயாரிப்பாளரின் மூல ரகசிய எண்ணைக் கொண்டு கதவு தானே கணக்கிட்டுக்கொள்ளும். அதனால்தான் அந்தத் தயாரிப்புக்கு ஏற்ற ரிமோட்டாகப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த முறையும் உடைக்க முடியாத கோட்டை அல்ல. 2008-இல் ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில்லு வேலை செய்யும்போது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை அளந்தே ரகசிய எண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஆனாலும் வித்தியாசம் பெரியது. நிலையான குறியீட்டை நகலெடுக்க ஒரு மலிவான ரிமோட் போதும். மாறும் குறியீட்டை உடைப்பது அதைவிடக் கடினம்.

ரிமோட் தொலைந்துபோனாலும் இந்த முறை கைகொடுக்கும். பல மாதிரிகளில் பலகையின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், பதிவான எல்லா ரிமோட்டுகளும் அழிந்துவிடும். கையில் உள்ளவற்றை மட்டும் மறுபடி பதிவுசெய்தால், தொலைந்த ரிமோட் வெறும் நெகிழிப் பெட்டிதான். விசை வகை ரிமோட் தொலைந்தால், கதவிலும் மற்ற எல்லா ரிமோட்டுகளிலும் விசை வரிசையை மாற்றிவிடுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. ரிமோட்டின் பின்புறத்தைப் பாருங்கள். 330 என்று இருக்கிறதா, 433.92 என்று இருக்கிறதா?

2. மின்கலம் மாற்றும்போது உள்ளே கவனியுங்கள். குட்டி விசைகள் இருந்தால் அது நிலையான குறியீடு. எல்லா விசைகளும் ஒரே பக்கம் இருந்தால், தொழிற்சாலையில் வைத்தபடியே யாரும் மாற்றாமல் விட்டிருக்கலாம். பெற்றோரிடம் சொல்லி மாற்றச் செய்யுங்கள்.

3. விசைகள் இல்லையென்றால், கதவின் கையேட்டிலோ பொருத்தியவரிடமோ கேளுங்கள்: 'இது நிலையான குறியீடா, மாறும் குறியீடா?'

4. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் வருகிறது. பெரியவர்கள் மின்சாரத்தைத் துண்டிக்காமல் அதைத் திறக்காதீர்கள்.

அந்த அப்பாவின் சிக்கல் தீர ஐந்து நிமிடம் போதும். நகல் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவின் தயாரிப்புக்கு ஏற்ற ரிமோட் ஒன்றை வாங்கி, கதவிடமே அறிமுகப்படுத்த வேண்டும். இதை இப்போது நீங்களே அவருக்குச் சொல்லித் தரலாம். அடுத்த விடியற்காலை அம்மாவும் நிம்மதியாக உறங்குவார்.